நாலு லைட், ஒரு சில்லு, கழட்டக்கூடாது

அவர் செய்த கதிரையில் நான் முதன்முதலாக உட்கார்ந்தபோது தரையில்தான் உட்கார்ந்தேன். கதிரையின் நான்கு கால்களும் நான்கு திசையில் போயிருந்தன. வேறு யாராவது என்றால் ஓடிவந்து என்னைத் தூக்கியிருப்பார்கள். அவர் முதலில் கதிரையைத் தூக்கினார். ஒவ்வொரு காலாக எடுத்துப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்.

"பாத்தீங்களோ தம்பி, ஒண்டும் முறியேல்லை. கழண்டதுதான். முறியிறது வேற, கழருறது வேற."

என் இடுப்பில் எது முறிந்தது, எது கழன்றது என்று அவர் கேட்கவில்லை.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் அவருடைய வீட்டு முன்னறையை வாடகைக்குக் கேட்டுப் போன நாள் அது. எனக்குத் துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் கிளாக்கர் வேலை. அவர் தெருப் போடுகிற இலாகாவில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ஓவசியர் என்றுதான் கூப்பிட்டது. ஆகவே இங்கேயும் அவர் ஓவசியர்தான். பெயரையும் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் ஆணி கிடையாது. கட்டில், மேசை, சாமிப்படத் தட்டு, குசினிக் கதவு எல்லாம் நட்டும் போல்ட்டும்தான். அதிலும் சாதாரண நட் அல்ல. இரண்டு பக்கமும் செட்டை விரித்த, விரலாலேயே திருகக்கூடிய வண்ணாத்திப்பூச்சி நட். அவருடைய சட்டைப் பையில் எந்த நேரமும் ஒரு கைப்பிடி நட் கிடக்கும். நடந்து வந்தால் சலங்கை கட்டிய மாடு வருவது போலச் சத்தம் கேட்கும். யார் வீட்டில் எது ஆடினாலும், எது விழுந்தாலும், எவன் எவளை விட்டுப் போனாலும் அவருக்கு ஒரே கதைதான்: "கழட்டலாம் தானே." அதற்கு மேலே ஒரு பழமொழியும் சொந்தமாகக் கட்டி வைத்திருந்தார். "ஆணி அடிச்சவன் அழுவான், நட் போட்டவன் நடையைக் கட்டுவான்."

இந்தத் தத்துவம் எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய மனைவிதான் சொன்னார். நாங்கள் அவரை அன்ரி என்போம். ஓவசியர் முன்பு புல்மோட்டையில் வேலை பார்த்தபோது, நல்ல முதிரை மரத்தில் ஒரு அலுமாரி செய்தாராம். அறைக்குள்ளேயே வைத்து, அரைச்சாண் ஆணியாக அடித்துச் செய்து முடித்த பிறகுதான் அது அறைக் கதவைவிட அகலம் என்று தெரிந்தது. ஊர்த் தெருவெல்லாம் அளந்த மனிதர் சொந்தக் கதவை அளக்கவில்லை. இதை ஆர் வெளியில் கொண்டு போகப்போகினம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தியிருக்கிறார். அந்த வருடமே கலவரம் வந்தது. இருவரும் கையில் அகப்பட்டதோடு அவருடைய பழைய ஏ-40 காரில் ஏறித் திருகோணமலைக்கு ஓடிவந்தார்கள். அலுமாரி அங்கேயே நின்றது. அதற்குள் அன்ரியின் கூறைச்சேலை இருந்தது. அந்தச் சேலையைப் பற்றி அன்ரி கிழமைக்கு ஒரு தடவையாவது கதைப்பார். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு தடவை.

ஆக, அந்தப் பழைய வாழ்க்கையில் மிஞ்சியது கார் ஒன்றுதான். காலையில் தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னரே அதைத் துடைப்பார். பின் சீற்றைக் கழற்றி வெயிலில் வைப்பார். காருக்குத் தலையிடி வந்தால் அவருக்குக் காய்ச்சல் வரும்.

அவருடைய பற்களும் கழற்றுகிறவைதான். ஆமிக்காரர் மறிக்கிற சென்றியை நெருங்கும்போது அவற்றைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்வார். கன்னம் உள்ளே போய், வயது பதினைந்து கூடி, பார்க்கவே பாவமாகிவிடும். ஆமிக்காரன் அடையாள அட்டையைக்கூடக் கேட்காமல் போகச் சொல்லுவான். அந்தப் பக்கம் போனதும் பல்லை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அரசியல் கதைப்பார். பொக்கை வாய்க்கு இருக்கிற மரியாதை இந்த நாட்டில் சட்டத்துக்கும் இல்லை என்பது அவர் கட்சி.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மனிதரைக் கெடுத்தவன் நான்.

எனக்குச் சல்லி என்ற கரையோரக் கிராமத்தில் கல்யாணம் பேசியிருந்தது. பெண்ணின் தகப்பனுக்கு இரண்டு வள்ளம். என் வீட்டார் வன்னியில். பாதை பூட்டியிருந்ததால் ஒருவரும் வர வழியில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்று நிற்க ஓவசியரும் அன்ரியும்தான் இருந்தார்கள். ஊரில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் எனக்கு என்ன குறை இருந்தது தெரியுமா? என்னுடைய கல்யாண வீடியோ ஒரு படம் மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான். அப்போது வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து ஊரே ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கதாநாயகன் ஒரு காரில் வருவான். காரின் கூரையில் வெள்ளியாக மின்னும் பெரிய ஹூட் றாக், அதன் முன்னால் நான்கு மஞ்சள் லைட், மேலே படுத்த வாக்கில் ஒரு ஸ்பெயார் சில்லு. அந்தக் காரைப் பார்த்த பிறகு எனக்கு மணப்பெண்ணே இரண்டாம் பட்சமாகிவிட்டாள். இதை அவளே இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

ஓவசியரிடம் கேட்டேன். காரில் ஓட்டை போடுவதென்றால் முடியாது என்றார். கழற்றுகிற மாதிரி, ஒரே ஒரு நாளுக்கு என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கோயில் மணி கேட்ட பக்தன் முகம்.

படத்தை வாடகைக்கு எடுத்து வரச் சொன்னார். கதாநாயகன் அழுதான், அடித்தான், அம்மாவைத் தேடினான், ஓவசியர் "கார் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கார் வந்ததும் படத்தை நிறுத்தச் சொல்லி, நடுங்கிக்கொண்டு நின்ற அந்தப் படத்தின் மேல் அடிமட்டத்தை வைத்து அளந்தார். பிறகு கொப்பித் தாளில் முன்பக்கத் தோற்றம், பக்கத் தோற்றம், மேல் தோற்றம் என்று மூன்று படம் வரைந்தார். நாலடி நீளம், மூன்றடி அகலம். இத்தனை ஒழுங்காகத் திட்டம் போட்டுத் திருகோணமலையில் ஒரு தெரு போட்டதாக எனக்கு நினைவில்லை.

சட்டம், வயர் இழுக்கிற பிளாஸ்ரிக் குழாய், அலுமினியப் பெயின்ற் பூசியது. லைட், வெறும் பால்மாத் தகரப் பேணி நான்கு. வாயில் மஞ்சள் கண்ணாடித்தாள். சில்லு, பழைய கயிற்றை வளைத்துச் சுற்றி அதன் மேல் பத்திரிகைத் தாளை மாப்பசையால் ஒட்டிக் கறுப்பு பூசியது. கூரைத் தண்ணி ஓடும் விளிம்பைக் கவ்விப் பிடிக்க நான்கு இரும்புக் கால்கள், காலுக்கொரு வண்ணாத்திப்பூச்சி நட். இரண்டு நிமிடத்தில் மாட்டலாம், இரண்டு நிமிடத்தில் கழற்றலாம். ஒரு தலையணை வைத்தால் உடைந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் படத்துக் கார்தான்.

அன்ரி குசினி வாசலில் நின்று பார்த்தார். "மாப்பிள்ளைக்குத் தலைப்பா போதாதெண்டு காருக்கும் தலைப்பாவோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கல்யாணத்தன்று காலை உப்புவெளி தாண்டி ஒரு செக் பொயின்ற். அன்றைக்கென்று பார்த்து எல்லா வாகனத்தையும் வரிசையில் விட்டு, புதுப் பாஸ் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாஸில் வாகனத்தின் அடையாளங்களை எழுத வேண்டும். வழக்கமாக ஓவசியர் பல்லைக் கழற்றியிருப்பார். அன்று வீடியோவில் விழ வேண்டுமென்று பல்லோடு வந்திருந்தார். பல் இருந்தால் பேச்சும் இருக்கும்.

பதிவுப் புத்தகத்தோடு வந்த அதிகாரி காரைச் சுற்றி வந்து கூரையைப் பார்த்து நின்றான். ஓவசியர் இறங்கிவிட்டார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். நீளம் நாலடி என்றார், அவன் எழுதினான். அகலம் மூன்றடி என்றார்; எழுதினான். லைட் நான்கு, சில்லு ஒன்று. அவன் எழுத எழுத இவருக்கு உற்சாகம் கூடியது. தன்னுடைய வேலையை ஒரு அரசாங்க உத்தியோகத்தன் புத்தகத்தில் குறித்துக்கொள்வது ஓய்வுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கடைசியில், உச்சமாக, "கலவன்ன புளுவன்" என்றார். கழட்டலாம் என்று அர்த்தம்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினான். "கலவன்ன புளுவன்?" என்று திருப்பிக் கேட்டான். இவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியத் தலையாட்டினார். அவன் றாக்கைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், பிறகு ஒரு வரி எழுதி அதன் கீழே கோடு போட்டான்.

சல்லிக்குப் போய்ச் சேர்ந்தோம். வீடியோக்காரன் நான்கு பக்கமும் ஓடி ஓடிக் காரைப் படம் பிடித்தான். மாமனார் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, இது சூடை மீனுக்குக் கடலில் வெளிச்சம் போடுகிற லைட்டா என்று மரியாதையாகக் கேட்டார். தாலி கட்டியாயிற்று. வீட்டுக்கு வந்ததும் ஓவசியர் இரண்டு நிமிடத்தில் றாக்கைக் கழற்றினார். மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன், இரண்டே நிமிடம்.

அடுத்த நாள் மலையடிவாரத்துச் சென்றியில் பாஸை நீட்டினார். ஆமிக்காரன் பாஸைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "ஹூட் றாக் எக்க கோ?" என்றான். றாக் எங்கே என்று கேட்கிறான். காரைத் திருப்பி அனுப்பினான்.

எங்கள் இருவருக்கும் சிங்களம் வாசிக்க வராது. சந்தையில் துணிக்கடை வைத்திருந்த கிண்ணியா நானாவிடம் பாஸைக் கொண்டு போனோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தடவை வாசித்தார், பிறகு கதிரையில் உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தார்.

"கறுப்புக் கார். கூரையில ஹூட் றாக், நாலடிக்கு மூண்டடி. நாலு லைட், ஒரு சில்லு. இதைக் கழட்டக்கூடாது." கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓவசியரைப் பார்த்தார். "இதென்ன பாஸோ, டெண்டரோ? இதை ஆர் இப்பிடிச் சொல்லிக் குடுத்தது?"

ஓவசியர் பாஸை வாங்கி மடித்துப் பையில் போட்டார். யோசித்துப் பார்த்தால் அந்த அதிகாரியிடமும் நியாயம் இருக்கிறது. கழற்றக்கூடிய ஒன்று இருந்தால், கழற்றிய இடத்தில் வேறொன்றை மாட்டலாம். போர்க்காலத்து மூளைக்கு அதுதான் முதலில் தோன்றும். எங்களுக்குத்தான் கதாநாயகன் தோன்றினான்.

அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி அவர் முகாமுக்கு நடந்தார். எழுதினது எழுதினதுதான், அதைக் கழற்ற முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாஸைப் புதுப்பிக்கும்போது பழையதைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். இப்படியாக, ஒருநாள் கூத்துக்கு வைத்த மீசை முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த அலுமாரிக்குப் பிறகு ஆணியே அடிக்காத மனிதர், பால்மாப் பேணி நான்கைக் காரின் தலையில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்கும், சாவீட்டுக்கும், பென்சன் எடுக்கவும் போய்வந்தார். மழை பெய்தால் வெள்ளிப் பெயின்ற் கண்ணாடியில் வழியும், மறுநாள் பூசுவார். ஒருநாள் கடற்கரைத் தெருவில் காரை விட்டுவிட்டு மீன் வாங்கப் போனார். கோட்டைப் பக்கத்தில் திரிகிற மான்களில் ஒன்று பின்னங்காலில் நின்று சில்லில் பாதியைத் தின்றுவிட்டது. மாப்பசை அதற்குப் பிடித்திருக்கிறது. சில்லு இல்லாவிட்டால் பாஸ் செல்லாது. அன்று பின்னேரமே புதிய சில்லு செய்து, மான் கிட்ட வராமலிருக்க வேப்பெண்ணெய் பூசினார். அதன் பிறகு கார் போன தெருவெல்லாம் பேன் மருந்து மணத்தது.

அன்ரி அந்தக் காரில் ஏறுவதை நிறுத்திவிட்டார். கோயிலுக்கு நடந்தார், சந்தைக்கு ஓட்டோவில் போனார். ஓவசியர் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே போவார். அன்ரி தெருவின் மற்றக் கரைக்கு மாறி நடப்பார். பார்த்த சனம் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். என்னால் வந்த வினை என்று தெரிந்துகொண்டே சிரித்தேன்.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு ஹர்த்தால் நாள். கடை இல்லை, பஸ் இல்லை, ஓட்டோ ஒன்றும் ஓடவில்லை. விடிந்ததிலிருந்து அன்ரிக்கு வயிற்றுக் குத்து. சத்தி எடுத்து எடுத்து ஆள் துவண்டுவிட்டார். என் மனைவி அவரைத் தாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். ஓவசியர் காரை ஸ்ரார்ட் பண்ணிக் கதவைத் திறந்து பிடித்தார். அன்ரி காரின் கூரையைப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதைக் கழட்டுங்கோ. செத்தாலும் நான் உந்தப் பேணியளுக்குக் கீழ இருந்து போகமாட்டன்."

நான் பாஸைப் பற்றி எடுத்துச் சொன்னேன். சென்றியில் மறிப்பார்கள், காரையே பிடித்து வைத்தாலும் வைப்பார்கள், இப்போது பிடிவாதம் பிடிக்கிற நேரமா என்று கெஞ்சினேன். அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓவசியர் எஞ்சினை நிறுத்திவிட்டு முதல் நட்டில் கை வைத்தார்.

அது அசையவில்லை. இரண்டு வருடக் கடற்காற்று நான்கு நட்டையும் கறளாக்கி இறுக்கியிருந்தது. இரண்டு நிமிட வேலை. விரலால் திருகினார், குறட்டால் திருகினார், மண்ணெண்ணெய் ஊற்றினார், சுத்தியலால் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் காரின் கூரை நெளிந்தது. ஈரத்துணியால்கூட மெதுவாகத் துடைக்கிற காரை அவர் அடித்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். விரலில் இரத்தம் வந்தது. கடைசிக் காலை இரும்பு அறுக்கிற வாளால் அறுத்தார். றாக்கைத் தூக்கி மாமரத்தடியில் எறிந்துவிட்டு வந்து, "இப்ப வாருமன்" என்றார்.

அன்ரி ஏறினார். நானும் முன்னால் ஏறினேன்.

சென்றியில் ஆமிக்காரன் பாஸைப் பார்த்தான். அதே கேள்வி. "ஹூட் றாக் எக்க கோ?"

ஓவசியர் அன்று பல்லைக் கழற்றவுமில்லை, விளக்கம் சொல்லவுமில்லை. பின் சீற்றைக் காட்டி, "நோனா எபா கிவ்வா" என்றார். வீட்டம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டா.

அவன் குனிந்து அன்ரியைப் பார்த்தான். அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருந்திருக்க வேண்டும். பாஸைத் திருப்பித் தந்து, போ என்று கையைக் காட்டினான்.

அன்றே வயிற்றில் ஒப்பரேஷன் செய்தார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் கதை வேறு என்றார் டொக்டர். பத்து நாளில் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொன்னார்.

அந்தப் பத்து நாளும் நான் ஓவசியரை அரித்தெடுத்தேன். அறுந்த காலை ஒட்டு வைத்துத் தருகிறேன், றாக்கை மாட்டிக்கொண்டு போவோம், ஒரு தடவை விட்டவன் மறு தடவையும் விடுவான் என்று என்ன நிச்சயம் என்றேன். அவர் மாமரத்தடியில் கிடந்த றாக்கைப் பார்த்தார்.

"அவ வேண்டாமெண்டவ, தம்பி."

அவ்வளவுதான். றாக் இல்லாமலே அன்ரியைக் கூட்டிவரப் போனார், நானும் கூடப் போனேன். போகும்போது அதே ஆள் விட்டுவிட்டான், திரும்பி வரும்போது சென்றியில் வேறு ஆள். அவன் பாஸை வாசித்தான், கூரையைப் பார்த்தான், கீழே கோடு போட்டிருந்த வரியை விரலால் காட்டினான். 'நோனா' கதை அவனிடம் எடுபடவில்லை. காரை முகாமுக்குள் கொண்டு போனார்கள். எங்களை நடந்து போகச் சொன்னார்கள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அன்ரி ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறினார். ஓவசியர் அவருடைய கையைப் பிடித்திருந்தார். அவர்கள் கையைப் பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன எனக்கு அழுகை வந்தது. ஒரு வீடியோவுக்காக ஒரு மனிதருடைய மிச்ச சொத்தையும் தின்றுவிட்டேனே என்று இருந்தது. அந்த வெட்கம் இன்றைக்கும் இருக்கிறது. வீடியோ பூஞ்சணம் பிடித்து எப்போதோ போய்விட்டது.

கார் திரும்பி வரவேயில்லை. முகாம் வளவில் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் நின்றது பஸ்ஸில் போகும்போது தெரியும். ஓவசியர் அந்த இடம் வந்தால் மற்றப் பக்கத்துக் கடலைப் பார்ப்பார். கூரையிலிருந்து றாக்கைக் கழற்றலாம் என்று அறிந்தவருக்கு, றாக்கிலிருந்து காரையும் கழற்றலாம் என்பதைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

றாக் மட்டும் மிஞ்சியது. ஒருநாள் நான் வேலையால் வரும்போது குசினிக்குப் பின்னால் நான்கு கட்டை நட்டு, அதன் மேல் றாக்கை வைத்திருந்தார். குறுக்கே கம்பு போட்டு, ஓலைப் பாய் விரித்து, அன்ரி அதில் மிளகாய் காயவைத்திருந்தார். பேணிகள் நான்கும் அப்படியே முன்னால் இருந்தன. எல்லாம் என்னால் வந்தது, என்னை மன்னியுங்கோ என்று அன்ரியிடம் சொன்னேன். அவர் மிளகாயைத் துழாவிக்கொண்டே சொன்னார்.

"முப்பது வருசமா இந்த மனுசன் கழட்டாததில்லை. எனக்காண்டிக் கழட்டினது இது ஒண்டுதான். நீர் போம், போய்த் தேத்தண்ணி குடியும்."

அதற்குப் பிறகு அவர் கூறைச்சேலையைப் பற்றிக் கதைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு ஊர் இன்னும் மோசமாகியது. கொழும்பில் கட்டிக்கொடுத்திருந்த அவர்களுடைய மகள் வந்து கூப்பிட்டாள். ஓவசியர் இத்தனை வருடமாகச் சொன்னதைச் செய்து காட்டினார். விடியத் தொடங்கிப் பத்து மணிக்குள் கட்டில், மேசை, கதிரை, சாமித்தட்டு, குசினிக் கதவு எல்லாம் பலகையாகி லொறியில் ஏறிவிட்டன. எனக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது. கடைசியாக நான் குசினிக்குப் பின்னால் போய் றாக்கைத் தூக்கப் பார்த்தேன். வரவில்லை. குனிந்து பார்த்தால், நான்கு காலிலும் கட்டையோடு சேர்த்து நீள நீள ஆணி அடித்திருந்தது.

"என்ன ஓவசியர் ஐயா, ஆணி?" என்று கேட்டேன்.

"நட் முடிஞ்சு போச்சு, தம்பி" என்றார்.

சொல்லிவிட்டு லொறியை நோக்கி நடந்தார். அவருடைய சட்டைப் பைக்குள் நட்டுகள் கிலுகிலுவென்று சத்தமிட்டுக்கொண்டே போயின.